மணி அடிக்காத தண்ணீர்

போன மாதம் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நடுவராகப் போய் வந்தேன். நடுவர் என்றதும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. வட்டமாக இருக்க வேண்டியது வட்டமாகத்தான் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிகளுக்கு இடையே அறிவியல் சவால் போட்டி, இந்த ஆண்டுத் தலைப்பு தண்ணீர், தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்து மதிப்பெண் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மேனேஜருக்கு அன்று மச்சினன் வீட்டுக் காதுகுத்து. என்னைத் தள்ளிவிட்டுவிட்டார். போனதும் ஒரு சால்வை போர்த்தினார்கள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன், கழற்றினால் மரியாதையாக இருக்காதே என்று.

ஹாலுக்குள் நுழைந்ததும் பசை மணம் மூக்கில் ஏறியது. இப்போதெல்லாம் பிள்ளைகள் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கரண்டில் சொருகி, சூடாகப் பசையை உருக்கி ஒட்டுகிறார்கள். தெர்மாகோலில் பட்டால் சுர்ரென்று பொசுங்கி ஒரு வாடை வரும். அந்த வாடையில் நின்றுகொண்டே எனக்கு வேறொரு பசையின் வாடை வந்துவிட்டது. மைதா மாவைக் காய்ச்சி, துத்தம் கொஞ்சம் போட்டு, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் வைத்திருப்பார்களே, அது. எங்கள் காலத்தில் அறிவியல் என்றால் அந்தப் பசைதான். துத்தம் போட மறந்தால் மறுநாளே புளித்துவிடும். ஒருமுறை நீர்ச் சுழற்சி வரைந்த சார்ட்டை அப்படி ஒட்டி வெயிலில் காய வைத்தோம். மேகம் இருந்த மூலையை ஆடு தின்றுவிட்டது. கடலும் வெயிலும் மட்டும் மிஞ்சின. எங்கள் ஊருக்கு அதுதான் சரியான படம் என்று பாண்டி சொன்னாள்.

பாண்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பேரையூர்ப் பக்கம் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுக்கு. பாண்டிச்செல்வி என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும். அவள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, சடங்கு, கல்யாணம் எதுவென்றாலும் அவர் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கிதான் சுற்று வட்டாரத்தை எழுப்பும். அதனால் பாண்டிக்கு ஆறாம் வகுப்பிலேயே ஈயம் பற்றவைக்கத் தெரியும். எனக்குப் பேனாவுக்கு மை ஊற்றினாலே கை முழுக்க நீலமாகிவிடும்.

அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. ஒரு மேசை. சிரிக்காதீர்கள். அவர்கள் வீடு ஒரே அறை. பாதி அறையை ஒலிபெருக்கிகள் அடைத்துக்கொள்ளும், மீதியில் ஆறு பேர். அவள் நாலு கம்பியைச் சேர்த்து எதையாவது பாதி செய்து வைத்தால், காலையில் அம்மா விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியிருப்பாள். அம்மாவையும் குறை சொல்ல முடியாது, அவளுக்கு அடுப்புப் பற்றவைக்க இடம் வேண்டும். "போட்டது போட்டபடி கெடக்கணும்டி. மறுநா வந்து தொட்டா விட்ட எடத்துலருந்து செய்யணும். அம்புட்டுத்தான்" என்பாள்.

அப்படியொரு மேசை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. ஒன்றல்ல, நாலு. எல்லாம் பூட்டிய அறைக்குள். கதவுக்கு மேலே அறிவியல் ஆய்வகம் என்று எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் மட்டும் திறப்பார்கள், ஓட்டுப் பெட்டிகள் வைப்பதற்காக. சாவி பெரிய டீச்சரிடம், அதாவது தலைமையாசிரியையிடம். அவர் இடுப்பில் ஒரு பெரிய கொத்து தொங்கும். அவர் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் கேட்டதும் வகுப்புகள் வரிசையாக அடங்கும். கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். அறைக்குள் இருந்த ஒவ்வொரு குடுவைக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓய்வு பெறும் நாளில் எண்ணிக்கை குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். உடையாமல் இருக்க ஒரே வழி யாரும் தொடாமல் இருப்பது. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அறிவியல் அப்படித்தான் பத்திரமாக இருந்தது.

அந்த வருடம் மாவட்ட அளவில் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. அப்போதும் தலைப்பு தண்ணீர்தான். தலைப்பு வைக்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது போலிருக்கிறது. பாண்டி நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போய், செய்து பார்க்க ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன், வீரம் எனக்கு ஒத்துவராது. பெரிய டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல மாவட்டத்துல ஒரு பரிசு வாங்கிட்டு வாங்க. சாவியத் தாரேன்" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. பாண்டி அதை எழுதிக் கொடுத்த பத்திரமாக எடுத்துக்கொண்டாள்.

அவள் செய்தது தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மணி. எங்கள் தெருவில் மோட்டார் போடுகிறவர், போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். தொட்டி நிறைந்து வழிந்து சாக்கடையில் ஓடும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் அதைப் பார்த்தால் வயிறு எரியும். பாண்டியின் கருவியில் இரண்டு கம்பிகள் தொட்டியின் மேல் மட்டத்தில் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் அதன் வழியே மின்சாரம் ஓடி மணி அடிக்கும். ஒரு பேட்டரி, ஒரு மணி, நடுவில் மூன்று கால் உள்ள கறுப்புப் பூச்சி ஒன்று. அதன் பெயர் டிரான்சிஸ்டர் என்று அவள் பலமுறை சொல்லிக் கொடுத்தாள். எனக்குக் கடைசி வரை பூச்சிதான். ஆனாலும் விளக்கிச் சொல்லுகிற ஆள் நான். போட்டிகளில் அப்படியொரு வழக்கம் இருந்தது. ஒருத்தி செய்து காட்டுவாள், ஒருத்தி இங்கிலீஷில் ஒப்பிப்பாள். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும், அர்த்தம் தெரியாவிட்டாலும் தடுமாற மாட்டேன். ஒரே குறை, நடுவில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு விட்ட இடம் தெரியாது. "ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ்" என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேரையூரில் நடந்த முதல் சுற்றில் எங்களுக்குப் போட்டியே இல்லை. மற்றப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எரிமலை கொண்டுவந்திருந்தார்கள். தலைப்பு எதுவானாலும் வருடா வருடம் அவர்கள் அதே எரிமலையைத்தான் புதுப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். ஜெயித்துவிட்டோம். மாவட்டப் போட்டிக்கு மதுரை போக வேண்டும். அறிவியல் டீச்சர் பணியிடம் காலியாக இருந்ததால் எங்களோடு பி.டி. சார் வந்தார். பஸ்ஸில் ஏறச் சொல்ல ஒரு விசில், இறங்கச் சொல்ல ஒரு விசில். சோதித்துப் பார்த்த அதே தண்ணீரையே பாண்டி இரண்டு பாட்டில்களில் கொண்டு வந்திருந்தாள், எதையும் விடமாட்டாள்.

மதுரை ஹால் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டை கட்டிய பிள்ளைகள், பளபளவென்று லாமினேட் செய்த சார்ட்டுகள், வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். எங்கள் மேசையில் பாண்டியின் பாட்டில்களை எடுத்து வைத்தால், அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து கிடக்கிறது. எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படித்தான். அதில் குளித்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி தென்னை நாராக நிற்கும். பிறந்ததிலிருந்து அதைக் குடித்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஹால் மூலையில் கேன் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். தண்ணீர் இப்படியும் இருக்குமா என்று ஆகிவிட்டது. இன்னொரு டம்ளர் குடித்தேன். பிறகு பாண்டி சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பாட்டில்கள் இரண்டையும் வாசலில் இருந்த பூந்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கேன் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். அவளிடமும் பெருமையாகச் சொன்னேன், நல்ல நாளும் அதுவுமாக நல்ல தண்ணீரே ஊற்றுவோம் என்று. அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "எம்புட்டு ருசியா இருக்கு" என்றாள். கல்யாண வீட்டுக்குப் பழைய சேலையா கட்டிக்கொண்டு போவோம், அந்த நினைப்புத்தான் எங்கள் இரண்டு பேருக்கும்.

நடுவர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட கல்லூரி ஆசிரியை ஒருவர், கூடவே ஒரு சார். நான் கணீரென்று தொடங்கினேன். பாண்டி மேசையில் வைத்திருந்த மாதிரித் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஏறியது, கம்பிகளைத் தொட்டது, கம்பிகளுக்கு மேலேயும் ஏறியது. மணி அடிக்கவில்லை. காதை வைத்துக் கேட்டால் ஈ முனகுகிற சத்தம். நான் மறுபடி ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ் என்றேன். பாண்டி பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள், சுருக்கென்றது, பேட்டரி நன்றாக இருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். நான் மூன்றாவது முறையாக ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ் என்றபோது அந்த சார் சிரித்துவிட்டார். ஆசிரியை மட்டும் சிரிக்காமல், மற்றதைப் பார்த்துவிட்டு வருகிறோம், சரி செய்து வையுங்கள் என்றார். அவர்கள் போனதும் பாண்டி தொட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள்.

"இதுல உப்பே இல்லடி."

என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறும் ஓரத்தில் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. பாண்டி ஊறுகாயை வழித்துத் தொட்டியில் போட்டுக் கலக்கினாள். மணி அலறியது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பி.டி. சார் எங்கிருந்தோ ஓடி வந்து விசில் ஊதினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. தண்ணீரில் எண்ணெய் மிதக்க, கடுகு சுற்றிச் சுற்றி வர, மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நடுவர்கள் திரும்பி வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் பரிசுகளைப் படித்துவிட்டார்கள். மூன்று பரிசு, இரண்டு ஆறுதல் பரிசு. எதிலும் நாங்கள் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதேன். தோற்றதற்காக இல்லை. அவள் மேசையை நான் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று இருந்தது. பாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கல்லுப்பட்டி தாண்டியதும் தானாகப் பேசினாள். "உப்பு கம்மியானா சத்தம் கம்மியாகுதுல. அப்ப தண்ணியில எம்புட்டு உப்புன்னு இத வச்சே சொல்லிறலாம்ல." எனக்கு அழுகையை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன், பஸ்ஸில் இடிபட்டுக் கருவி உடைந்துவிட்டது என்று. வாயைத் திறப்பதற்குள் பாண்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கேன் தண்ணீர், ஊறுகாய், கடுகு உட்பட. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய டீச்சர் மேசையில் ஒரு தட்டில் சத்துணவு இருந்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் தலைமையாசிரியை ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. சத்துணவு சமைக்கும் மூக்காயி அக்கா கரண்டியோடு பக்கத்தில் நின்றிருந்தார். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் கல்லாகத்தான் கிடக்கும். வருடக்கணக்காக அந்தப் பருப்பை முதலில் மென்று பார்த்தவர் பெரிய டீச்சர். அன்றைக்கும் வாயில் ஒரு பருப்பு இருந்தது. அதை மெல்ல மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஊருக்குள்ள எந்தக் கொழாயில உப்பு கம்மின்னு அத வச்சுச் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம் டீச்சர். ஆனா மேச வேணும். போட்டது போட்டபடி கெடக்கணும்."

பரிசு வாங்காமல் வந்தவள் பேசுகிற பேச்சா இது என்று அவள் கையைக் கிள்ளினேன். மூக்காயி அக்காதான் நடுவில் புகுந்தார். "குடுத்துப் பாருங்க டீச்சர். இந்தப் பருப்போட என்னால மல்லுக்கட்ட முடியல." பெரிய டீச்சர் கொத்தை எடுத்தார். அந்த ஒரு சாவி மட்டும் வளையத்தோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் ஒடிய ஒடியக் கழற்றி, பாண்டியின் உள்ளங்கையில் வைத்தார். "ஒடஞ்சா வந்து சொல்லணும். ஒளிக்கக் கூடாது." அவ்வளவுதான் நிபந்தனை.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. ஓட்டை பெஞ்சுகளை வெளியே தள்ளி, வௌவால் எச்சத்தைச் சுரண்டி, நாலு மேசையையும் கழுவினோம். தெருத் தெருவாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து பெயர் எழுதி அடுக்கினோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையிலும் கம்பியை விட்டு, எவ்வளவு நெருங்கினால் மணி அடிக்கிறது என்று பாண்டி அளப்பாள். உப்பு அதிகமென்றால் தள்ளி இருக்கும்போதே அடித்துவிடும். உப்பு இல்லையென்றால் கிட்டே கிட்டே போக வேண்டும். நான் நோட்டில் எழுதுவேன். அந்த வேலையில்தான் எனக்கும் பூச்சி டிரான்சிஸ்டர் ஆனது. இன்றைக்கு வாஷரை அளந்து நோட்டில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அதற்கு அந்த மேசைதான் காரணம், வேறு யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்.

கடைசியில் கண்மாய்க் கரை அடி பம்புத் தண்ணீரில்தான் கம்பிகள் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும் வரை மணி அடிக்கவில்லை. மறுநாள் மூக்காயி அக்கா அதில் நாலு குடம் கொண்டுவந்து உலை வைத்தார். பருப்பு வெந்தது. குழைந்தே போனது. அவர் கரண்டி நிறையச் சாம்பாரை ஏந்திக்கொண்டு, வழியெல்லாம் சொட்டச் சொட்ட ஆய்வகத்துக்கே வந்து எங்கள் கையில் ஊற்றினார். சூடு தாங்காமல் குதித்துக்கொண்டே நக்கினோம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தப் பரிசிலும் வந்ததில்லை.

சாவி பாண்டியின் பையிலேயே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை. இரண்டு குடுவை உடைந்தது, போய்ச் சொன்னோம். பெரிய டீச்சர் பதிவேட்டில் பயன்பாட்டில் உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் பள்ளியை விட்டபோது பாண்டி அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்ததாகக் கேள்வி. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

சமயநல்லூருக்கு வருகிறேன். அன்று முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் தொட்டி, நிறைந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பியது. அழகாகத் தமிழிலேயே விளக்கினாள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். மனசார மதிப்பெண் போட்டேன். மேடையில் சால்வையைச் சரிசெய்துகொண்டே, இதை எங்கே வைத்துச் செய்தாய் என்று கேட்டேன். ஸ்கூல் லேப்பில் என்றாள். "போட்டிக்கு ரெண்டு வாரம் தொறப்பாங்க மேம். முடிஞ்சதும் எல்லாத்தையும் கழட்டி டப்பாவுல வச்சுக் குடுத்துரணும்."

சாயங்காலம் பாண்டிக்குப் போன் போட்டேன். திருமங்கலத்தில் கடை வைத்திருக்கிறாள், பம்பு செட்டுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்கிறாள். அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னேன். அவள் போன வாரம்தான் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு மோட்டார் வேலையாகப் போனாளாம். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கண்ணால் காணாத கருவியெல்லாம் வந்திறங்கியிருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, அடி பம்பைக் காணோம், பருப்புக்கும் குறையில்லை. எல்லாம் நல்லதற்குத்தான், நானும் மறுக்கவில்லை. சாவியைப் பற்றிக் கேட்டாயா என்றேன்.

"இப்ப இருக்க ஹெட்மாஸ்டர்ட்டக் கேட்டேன்டி. அப்பல்லாம் லேப் சாவி எங்க பையிலதான் சார் கெடக்கும்னேன். பிள்ளைக கையில சாவிய யாரும்மா குடுப்பாங்கன்னு சிரிக்கிறாரு. பெரிய டீச்சர் பேரச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அப்படி யாரும் இருந்ததாத் தெரியலயேன்னாரு."